நகம் இறங்காத சுரைக்காய்

ஒரு காய்கறிச் சந்தையில் சுரைக்காய் ஒன்று விலை போகாமல் கிடந்தது. வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள். கட்டைவிரல் நகத்தால் ஒரு அழுத்து. நகம் இறங்காது. "முத்தல்" என்று வைத்துவிட்டுப் பிஞ்சைத் தேடிப் போய்விடுவார்கள். சந்தையில் அதற்கு மேல் ஒரு வசவு கிடையாது.

சுரைக்காயும் சும்மா இருக்கவில்லை. கடைக்காரி சின்னப்பொண்ணு காய்களுக்குத் தண்ணீர் தெளித்தால் முந்திக்கொண்டு முகத்தைக் காட்டும்.

"குளிச்சா வயசு குறையுமா பெரியம்மா?" என்றது ஒரு வெண்டைப் பிஞ்சு.

"குறையாதுடி. குளிக்கலைன்னா இன்னும் கூடுதலாத் தெரியும்."

சின்னப்பொண்ணுக்கு அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. கழுத்தில் கயிறு கட்டிக் கொட்டகை மூங்கிலில் தொங்கவிட்டாள். தினம் புதுப் புது வெண்டைகள் வந்தன. கேலி மட்டும் அதே பழசு.

கோடை முழுக்கத் தொங்கியதில் சுரைக்காயின் ஈரம் போனது, சதை வற்றியது. ஒருநாள் காற்றடித்தபோது 'கலகல'வென்று சத்தம். யாரென்று பார்த்தால், தன் வயிற்றுக்குள்ளேயே விதைகள் உருளுகின்றன.

அன்று காலையில்தான் சின்னப்பொண்ணின் வீட்டுக்காரர் வேலாண்டி சத்தம் போட்டார். "அந்த முத்தலை ஏன் கட்டி வச்சிருக்க? நம்ம சரக்கே பழசுன்னு நினைப்பாங்க. சாயங்காலம் அவுத்து மாட்டுக்குப் போட்டுடறேன்."

"மாட்டு வயித்துக்குப் போறதுக்குள்ள ஒரு பாட்டாவது போட்டுடணும்" என்று முணுமுணுத்தது சுரைக்காய்.

"பாட்டா? அதெல்லாம் பிஞ்சுலயே வரணும் பெரியம்மா" என்றது அன்றைய வெண்டை.

"பிஞ்சுல எனக்கு வயிறு பூரா தண்ணிடி. எங்கிருந்து பாட?"

காற்றைப் பிடித்து ஆடியது. முதல் ஆட்டத்திலேயே தாளம் தப்பி மூங்கிலில் முட்டிக்கொண்டது. சிரித்த சிரிப்பில் ஒரு தக்காளிக்குத் தோலே வெடித்துவிட்டது. சுரைக்காயும் கூடச் சேர்ந்து சிரித்தது. அதற்கும் கலகலவென்றுதான் கேட்டது.

"கத்திரி... வெண்டை... அவரேய்..." என்று கூவினாள் சின்னப்பொண்ணு. அவள் மூச்சு வாங்கும் இடம் பார்த்துச் சுரைக்காய் ஒரு கலகல போட்டது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி கூவினாள். மறுபடியும் சரியாக அங்கேயே வந்து விழுந்தது. அவளுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. கூவலை இழுத்தாள், குழைத்தாள், நடுவில் நிறுத்தினாள். நிறுத்திய இடமெல்லாம் சுரைக்காய் புதுசு புதுசாக எதையாவது இட்டு நிரப்பியது. போகிறவர்கள் நின்றார்கள். கடைமுன் கூட்டம் கட்டியது. வேலாண்டிக்கு எடை போட்டு மாளவில்லை.

வாங்குகிற கை ஒன்று கூடைக்குள் நீண்டது. கேலி பேசிய வெண்டைப் பிஞ்சு மெல்ல நழுவி அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"இன்னும் கொஞ்சம் முத்திக்கிறேன்" என்றது.

சாயங்காலம் வேலாண்டி முக்காலி போட்டு ஏறினார். முடிச்சில் கை வைத்தார். சுரைக்காய் ஆடாமல் நின்றது. சின்னப்பொண்ணு வாயைத் திறக்குமுன் கயிறு அவிழ்ந்து அவர் கைக்கு வந்துவிட்டது.

"இத்துப்போன கயிறு. இதை நம்பியா கட்டி வச்ச?" என்றார்.

இடுப்பிலிருந்து புதுக்கயிறு ஒன்றை உருவி, ஆடுவதற்குத் தாராளமாக இடம் விட்டுக் கட்டினார்.