பத்தாவது சவாரி

“இனிமே இந்தத் துறையில எனக்கு வேலையில்ல சாமி. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்.”

மாதப்பன் ஈரத் துடுப்பைக் குருவின் வாசலில் தொப்பென்று போட்டார்.

பரிசல்காரர். வயது அறுபது. குருவுக்கு நாற்பதுதான், அவரும் ஒரு காலத்தில் இதே துறையில் பரிசல் ஓட்டியவர். சீடர் ‘சாமி’ என்பார், குரு ‘அண்ணே’ என்பார். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

“முதல்ல மோர் குடிங்கண்ணே.”

“மோரும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!”

குடித்தார்.

“இப்பச் சொல்லுங்க.”

“மூணு மாசமா மூங்கில் பொளந்து, ரெட்டைப் பின்னல் போட்டு, பன்னெண்டு பேர் ஏறுற பரிசல் கட்டியிருக்கேன். இந்த ஆத்துல எவனும் கட்டாத பரிசல்! ஆறு பேருக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு துறைச் சங்கம் மறிக்குது. அதோட விட்டாங்களா? ஒவ்வொரு பத்தாவது சவாரிக் கூலியும் பொதுப் பானைக்காம். நான் துடுப்புப் போடணும், வீட்டுல படுத்துக் கிடக்கிறவன் சாப்பிடணும். இது என்ன நியாயம்?”

“போன மாசம் யாருண்ணே சாப்பிட்டது?”

“குள்ளப்பன்.”

“ஏன் படுத்திருந்தான்?”

“கை ஒடிஞ்சு போச்சு.” மாதப்பனின் குரல் இறங்கியது.

குரு எழுந்தார். “வாங்க, பரிசலைக் காட்டுங்க.”

கரையில் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். “அடேயப்பா! என்னா பின்னல்ண்ணே இது!” அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

சட்டென்று ஏறி உட்கார்ந்துகொண்டார்.

“பன்னெண்டுல நான் ஒண்ணு. உங்க பேத்தியைக் கூப்பிடுங்க, அவ ரெண்டு.”

மாதப்பன் அசையவில்லை.

“என்னண்ணே?”

“அவ வேணாம் சாமி. இன்னும் ஆழத்துல விட்டுப் பார்க்கலையே.”

“ஆறு பேர்னு சட்டம் போட வச்சது யாரு?”

“நீங்கதான்.”

“ஏழாவது ஆளை ஏத்தினது?”

மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அன்று குரு ஓட்டிய பரிசலிலிருந்து வெள்ளம் கொண்டுபோனது அவருடைய சொந்தத் தம்பியை. துறையில் எல்லாருக்கும் தெரியும். யாரும் அதைக் குருவின் முகத்துக்கு நேரே பேசியதில்லை.

“அதுக்காக ஆறுலயே நின்னுடணுமா?” என்றார் குரு. “பன்னெண்டு ஆள் எடைக்கு மணல் மூட்டை ஏத்துங்க. பத்து நாள் நடு ஆத்துல ஓட்டிப் பாருங்க. தாங்கிச்சுன்னா, சட்டத்தை மாத்தச் சொல்லி சங்கத்துல நானே எழுந்து பேசுறேன். முதல் சவாரியும் நான்தான்.”

“பத்து நாளா! சவாரி போகாம என் வீட்டு அடுப்பு எப்படிச் சாமி எரியும்?”

குரு கரையோர மருத மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

மாதப்பனும் பார்த்தார்.

பொதுப் பானை கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது.

 மாதப்பன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார்:

“மணல் அள்ளச் சாக்கு எங்க கிடைக்கும் சாமி?”