பதினொரு சந்தனக் கன்றுகள்

செங்கானம் என்ற நாட்டை ரொம்பக் காலத்துக்கு முன்னே கொற்றவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். கெட்டவன் இல்லை, ஆனால் மூக்குக்கு மேலே கோபம் வரும். அரண்மனைத் தோப்புச் சந்தன விதையைத் திருடி வீட்டில் முளைக்க வைத்தால் கையை வெட்டு என்று சட்டம் போட்டிருந்தான்.

ஒரு நாள் பால்காரி பூவாயியைச் சபைக்கு இழுத்து வந்தார்கள். அவள் மாட்டுக் கொட்டகை ஓரம் ஒரு சந்தனக் கன்று நின்றதாம். பிடித்துக் கொடுத்தவர் சபைப் பெரியவர் வல்லபராயர். அவளுக்கு அந்த நிலத்தைத் தந்தவர் மந்திரி சேந்தனார். மந்திரியைக் கண்டாலே வல்லபராயருக்கு வயிறு எரியும், அவ்வளவுதான் விஷயம்.

“நான் நடலைங்க சாமி, தானா முளைச்சுது” என்றாள் பூவாயி.

“தோப்பு எங்கே, இவள் வீடு எங்கே? விதை நடந்தா வந்தது?” என்றார் வல்லபராயர்.

ராஜா வாளைக் கொண்டுவரச் சொல்லிவிட்டான். பால் கறக்கிற கை போனால் அவள் பிள்ளைகள் எப்படிப் பிழைக்கும்? யாருக்காவது அந்த நினைப்பு வந்ததா? இல்லை.

சேந்தனார் எழுந்தார். “காக்கை பழத்தைத் தின்று எச்சத்தோடு விதையைப் போட்டிருக்கும், மகாராஜா.”

“போட்டதை யார் பார்த்தது?” என்றார் வல்லபராயர்.

உண்மையிலேயே யாரும் பார்த்ததில்லை. பூவாயியின் கையைப் பலகையில் வைத்து அழுத்தினார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“வல்லபராயரே, நீர் காக்கைக்குச் சோறு வைப்பதுண்டா?” என்று சேந்தனார் மெதுவாகக் கேட்டார்.

“காக்கைக்கு வைக்காமல் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. ஊர்க் காக்கை எல்லாம் என் கொல்லை மதிலில்தான்” என்று மீசையை நீவினார் அந்த மனுஷர்.

“மகாராஜா, வெட்டுவதற்கு முன் அந்தக் கொல்லையைப் பார்த்து வரச் சொல்லுங்கள்.”

காவலர்கள் போனார்கள். திரும்பும்வரை வாள் இறங்கவும் இல்லை, உறைக்குள் போகவும் இல்லை. மதிலோரம் பதினொரு சந்தனக் கன்றுகள் இருப்பதாக வந்து சொன்னார்கள்.

ராஜாவின் முகம் கறுத்தது. “முதலில் இவர் கையை வையுங்கள்.”

வல்லபராயர் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். “மகாராஜா, நான் நடவில்லை. காக்கைதான் போட்டிருக்கும்!”

“போட்டதை யார் பார்த்தது?” என்றார் சேந்தனார்.

சபையே சிரித்துவிட்டது. ராஜா வாளை அனுப்பிவிட்டு, கன்றைப் பூவாயிக்கே கொடுத்தான். தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். பூவாயி கையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள்.

“காக்கை சரி. மற்ற மரத்து விதையையெல்லாம் யார் கொண்டுபோகிறது?” என்று கேட்டான் ராஜா.

“வவ்வால், மரநாய், கரடி என்று பல உண்டு, மகாராஜா. எது எதைத் தின்கிறது என்று கொஞ்சம் தெரியும். எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது, போட்டதில் எத்தனை முளைக்கிறது, ஒன்றும் தெரியாது. பின்னாலேயே போய்ப் பார்த்தவர் இல்லை.”

“வல்லபராயர் போகட்டும். நாளைக்கே கரடியிலிருந்து ஆரம்பிக்கட்டும்.”

வெளியே போகிற வல்லபராயரைப் பூவாயி கூப்பிட்டாள்.

“ஐயா, கரடிக்குப் பின்னாடியே போங்க. முன்னாடி போயிடாதீங்க.”