தாளாளரின் பதினான்கு படங்கள்

தாளாளர் தங்கப்பழம் செருமினாலே கல்லூரி நடுங்கும். வலைப்பக்கம் எழுதப் பழகி இரண்டே மாதமான இசக்கியம்மாளைக் கூப்பிட்டு, கல்லூரிக்கு ஒரு வலைப்பக்கம் செய்யச் சொல்லி ஆணையிட்டார்.

"என் போட்டோ பதினாலும் மேலயே இருக்கணும். கண் தெரியாத பிள்ளைகளுக்கும் பக்கம் முழுசா விளங்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் உனக்கு வேலை கிடையாது."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். மேலே அத்தனை படத்தை அடுக்கினால் சேர்க்கை விண்ணப்பம் எங்கோ அடியில் போய்விடுமே! சொன்னாலும் கேட்கிற ஆளில்லை. அதனால் அவர் சொன்னதை அப்படியே செய்தாள். செல்போன் வாசித்துக் காட்டும்படி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி எழுதினாள்.

வலைப்பக்கத்தின் திறப்பு விழாவில் பார்வையற்ற மாணவன் ஒருவன் அதைத் திறந்து, செல்போனை மைக் முன்னால் பிடித்தான்.

"தாளாளர் சிரிக்கிறார். தாளாளர் மாலையோடு சிரிக்கிறார். தாளாளர் குடையோடு சிரிக்கிறார்..."

ஐந்தாவது சிரிப்பில் அரங்கமே சிரித்தது.

"நிறுத்து! விண்ணப்பம் எங்க?" என்று சீறினார் தாளாளர்.

"இன்னும் ஒம்பது சிரிப்பைத் தாண்டணும், ஐயா," என்றாள் இசக்கியம்மாள்.

"ஒண்ணை மட்டும் அடியில வச்சுட்டு மத்ததை எடு!"

"அந்த ஒண்ணுக்கு என்ன எழுதட்டும், ஐயா?"

அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். "என்ன வேணும்னாலும் எழுதும்மா. சிரிக்கிறார்னு மட்டும் எழுதிராத."