தாய்மாமன் கொண்டு வந்த பொரி

காட்டுக்குள் ஒரு குளம் இருந்தது. கரையில் ஒரு சின்னக் கோயில். அந்தக் குளத்தில் மஞ்சாயி, காசிலிங்கம் என்ற இரண்டு செல்லக்காசு மீன்கள் குடும்பம் நடத்தின. செல்லக்காசு என்பது காசு மாதிரி வட்டமாக, மஞ்சளாக இருக்கும் ஒரு சின்ன மீன். முட்டையைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விடாது. அப்பாவும் அம்மாவும் மாறி மாறிக் காவல் இருந்து பிள்ளை வளர்க்கும்.

போன மழைக்கு மஞ்சாயி போட்ட முட்டைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் பல நாள் அழுதாள். தண்ணீருக்குள் அழுததால் யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்த முறை அடர்ந்த பாசிக்கு நடுவே ஒரு கல்லைத் தேடிப் பிடித்து முட்டையிட்டாள். இருவரும் துடுப்பால் விசிறி விசிறிக் காத்தார்கள். குஞ்சுகள் வெளியே வந்தன. இரண்டு கண், ஒரு வால், நடுவில் கண்ணாடி மாதிரி ஓர் உடம்பு! எல்லாவற்றிலும் சின்னவனுக்குப் பொடியன் என்று பெயர் வைத்தார்கள்.

செல்லக்காசுக் குஞ்சுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அம்மா, அப்பா உடம்பின் மேல் ஊறும் வழுவழுப்பைக் கொறித்துத் தின்னும். கூடவே பாசியில் நெளியும், கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளையும் தின்னும். அந்த வயிற்றுக்கு அதுவே விருந்து.

குழந்தை பார்க்க முதலில் வந்தது கெளுத்தி அத்தை. மீசையை ஆட்டி ஆட்டிப் பார்த்தாள்.

"என்னடி மஞ்சாயி, பிள்ளைங்க இப்படி இருக்குதுங்க? முதுகெலும்பு வெளிய தெரியுதே!"

"எல்லாக் குஞ்சும் பொறந்தப்ப அப்படித்தான் இருக்கும் அத்தை."

"அது சரி, அதென்ன உன் உடம்பைப் போய்ச் சுரண்டுதுங்க? வீட்டுல வேற ஒண்ணும் இல்லையா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க!"

அத்தை போய்விட்டாள். அவள் சொல்லிவிட்டுப் போனது மட்டும் போகவில்லை. மஞ்சாயி பொடியனைப் பார்த்தாள். இளைத்துத்தான் போய்விட்டானோ? இவர்களையும் இழந்துவிடுவோமோ?

அப்போது மேலே மரக்கிளையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"தங்கச்சி! நான் இருக்கேன், எதுக்குக் கவலைப்படறே?"

நீலமேகம் என்ற மீன்கொத்தி அது!

மஞ்சாயி சட்டென்று பாசிக்குள் பதுங்கினாள். "உனக்கு நான் தங்கச்சியா?"

"ஒரே குளத்துத் தண்ணியைக் குடிக்கிறோம். அப்போ கூடப் பொறந்த மாதிரிதானே? பிள்ளைங்களுக்கு ஒரு தாய்மாமன் இல்லாமப் போனா நல்லாவா இருக்கும்? நாளைக்கே சீர் கொண்டு வரேன். காதுகுத்தும் என் மடியிலதான்!"

"எங்களுக்குக் காது வெளியில கிடையாதே!"

"அதனால என்ன, மடி இருக்கில்ல!"

மஞ்சாயிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. அண்ணன் என்று ஒருவன் வந்து நின்றதும் மனம் உருகிவிட்டது. காசிலிங்கத்துக்கு மட்டும் உருகவில்லை.

"அவன் பேரே மீன்கொத்தி!" என்றான்.

"பேரைப் பார்த்து ஒருத்தரை எடை போடாதீங்க. எங்க வீட்டு ஆளுங்கன்னாலே உங்களுக்கு ஆகாது!"

அதற்குமேல் எந்தக் கணவன் வாய் திறப்பான்? காசிலிங்கம் குஞ்சுகளுக்குக் காவல் இருக்கப் போய்விட்டான்.

பொந்தில் நீலமேகத்தின் மனைவி கேட்டாள்: "குஞ்சுங்க கண்ணெதிரே இருக்கு. கொத்தாம எதுக்குச் சீர் பேசிட்டு வந்தீங்க?"

"அடி போடி! இப்போ தின்னா அலகு நுனிக்குக்கூடக் காணாது. அதுலயும் பாசி மறைக்குது. தின்னக் கொடுத்துக் கொழுக்க வைப்போம். வயிறு முட்டப் போட்டா நாலே நாள்ல கெண்டை மாதிரி ஆயிடும்!"

கோயிலுக்கு வருகிறவர்கள் படியில் பொரி இறைத்துவிட்டுப் போவார்கள். நீலமேகம் அதை அலகு கொள்ளாமல் அள்ளி வந்து குளத்தில் கொட்டினான். திரும்பப் போனான், மறுபடி கொட்டினான். இறக்கை வலித்தது. பிறந்தது முதல் அவன் அப்படி உழைத்ததே இல்லை.

"நல்லா ஊட்டு தங்கச்சி! அப்புறம் இந்தப் பாசியெல்லாம் எதுக்கு? பிள்ளை இருக்கிற வீடு வெளிச்சமா இருக்க வேண்டாமா? பிடுங்கிப் போடு!"

மஞ்சாயி பாசியைப் பிடுங்கிப் போட்டாள்.

பொரி ஒவ்வொன்றும் ஒரு குஞ்சைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்தது. பிள்ளைகள் அதன்மேல் ஏறிப் படகு விட்டன. மஞ்சாயி விடுவாளா? தானே மென்று மாவாக்கி முகத்துக்கு நேரே ஊதினாள்.

"போதும்மா!" என்றான் பொடியன்.

"அம்மாவுக்காக ஒரு வாய்!"

"வயிறு வலிக்குதும்மா!"

"மாமாவுக்காக ஒரு வாய்!"

குஞ்சுகளின் வயிறு உப்பியது. மஞ்சாயிக்கு ஒரே பூரிப்பு. கெளுத்தி அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அத்தையும் "இப்பத்தான் பார்க்கிற மாதிரி இருக்குதுங்க!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தின்ன முடியாத பொரி அடியில் போய்ப் படிந்தது. மேலே மேலே விழுந்தது. ஊறியது, புளித்தது, நாறியது. குளம் பழைய கஞ்சி மாதிரி வெளுத்துவிட்டது. காற்று ஊட்டப் பாசியும் இல்லை. குஞ்சுகள் மூச்சு முட்டி மேலே வந்து வாய் பிளந்தன. பொடியன் வயிறு மேலாகப் புரண்டு மிதந்தான்.

"ஏங்க! பிள்ளை அசைய மாட்டேங்குறான்!" என்று மஞ்சாயி அலறினாள்.

காசிலிங்கம் ஓடி வந்தான். "ஓடைத் தண்ணி விழுற மூலைக்குப் போயிடலாம். அங்க தண்ணி சுத்தம், பாசியும் இருக்கு. பொடியனை வாய்ல எடுத்துக்கோ!"

"நடுக்குளம் தாண்டணுமே! மேலே..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். மேலே இருப்பது யார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கிளையில் நீலமேகம் கழுத்தை நீட்டிக் கொண்டிருந்தான். "மருமகப்பிள்ளைங்களா! இன்னும் கொஞ்சம் மேலே வாங்க! மாமா பார்க்கணும்!"

காசிலிங்கம் துடுப்பைப் படபடவென்று அடித்தான். செல்லக்காசுக் குஞ்சுகளுக்கு அதுதான் அழைப்பு. தள்ளாடிக்கொண்டே எல்லாம் அவனைச் சூழ்ந்தன. மஞ்சாயி பொடியனை வாயில் கவ்வினாள். கூட்டம் நடுக்குளத்தில் இறங்கியது.

கலங்கலில் ஏதோ அசைவதை நீலமேகம் பார்த்தான். வெள்ளையாக, கொழுகொழுவென்று ஒன்று மிதந்தது. "அடேயப்பா, எப்படி வளர்ந்திருக்கு!" என்று அம்பாகப் பாய்ந்தான்.

சப்!

அலகு நிறைய ஊறிய பொரி! கட்டியாக அப்பிக்கொண்டது. துப்பப் பார்த்தான், வரவில்லை. விழுங்கப் பார்த்தான், போகவில்லை. நாற்றம் வேறு. அப்படியே பொந்துக்குப் பறந்தான். பசியோடு வாய் பிளந்த தன் பிள்ளைகளுக்குப் பதில் சொல்லக்கூட வாய் திறக்க முடியவில்லை.

மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். "சீர் கொண்டு போனீங்க. தங்கச்சி வீட்டுல சும்மா அனுப்பலை போலிருக்கே!"

ஓடை மூலையில் தண்ணீர் சில்லென்று இருந்தது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நீந்தின. பொடியன் மட்டும் பாசியில் கிடந்தான். மஞ்சாயி அவன் பக்கத்தில் உடம்பைச் சாய்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இந்தத் தடவை எதையும் ஊட்டவில்லை. "ஒரு வாய்" என்று சொல்லவும் இல்லை. பொழுது சாயும்வரை அப்படியே இருந்தாள்.

திடீரென்று விலாவில் சுருக்கென்றது.

பொடியன் கொறித்துக்கொண்டிருந்தான்! மஞ்சாயிக்கு வலித்தது, அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒருநாளும் இருந்ததில்லை.

"வலிக்குதாம்மா?" என்று கேட்டான் பொடியன்.

"தின்னுடா. உனக்குப் போதும்னு தோணுறப்ப நிறுத்து" என்றாள் மஞ்சாயி.

சில நாள் கழித்து கெளுத்தி அத்தை தேடிக்கொண்டு வந்தாள். மீசை வழக்கம்போல ஆடியது.

"என்னடி, பிள்ளைங்க மறுபடி இளைச்சுட்டுதுங்க! பொரியை நிறுத்திட்டியா?"

மஞ்சாயி சிரித்தாள். "அதுங்களுக்குப் பிடிக்கலை அத்தை. அந்தப் பக்கம் அடியில நிறையக் கிடக்கு. வீணாப் போகுதேன்னு இருக்கு. நீங்க ஒரு வாய் சாப்பிடுங்களேன்!"

அத்தை அப்படிக் கூப்பிட்டு மறுத்தவள் இல்லை. போய் உட்கார்ந்தவள் கடைசிப் பொரிவரை தின்று தீர்த்துவிட்டுத்தான் எழுந்தாள். குளம் தெளிந்தது. அத்தையின் வயிறு தெளிய ரொம்ப நாளாயிற்று. அதுவரை அவள் யார் வீட்டுக்கும் குழந்தை பார்க்கப் போகவில்லை.

பிள்ளைக்கு ஊட்டும்போது பிள்ளையின் வயிற்றைப் பார்த்து ஊட்ட வேண்டும். பார்க்க வருகிறவர்களின் வாயைப் பார்த்து ஊட்டக் கூடாது.