தவில் வரும் வரைக்கும்

"சாமி, நாலு ஓம் ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபையர் போடலாம்?"

பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சாமி தலையைத் தூக்கவில்லை. இந்தக் கேள்விக்குப் பயந்துதான் அவர் காவியே கட்டினார். அது மடத்தில் யாருக்கும் தெரியாது.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அவருக்கு ஸ்டீரியோ கடை இருந்தது. வாட்டு, ஓம், டிரான்ஸ்ஃபார்மர் என்று பதில் சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டுபோய், ஒருநாள் சாவியை மச்சினன் கையில் கொடுத்துவிட்டு, குற்றாலத்து மலையடிவாரத்தில் இருந்த இந்தச் சின்ன மடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். ஊரில் வைராக்கியம் என்று பேசிக்கொண்டார்கள். வைராக்கியமாவது ஒன்றாவது. மனுஷனுக்கு நிம்மதியாகக் காய் நறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நிம்மதியில் மண்ணைப் போட, மச்சினனிடம் இடத்தை விசாரித்துக்கொண்டு வந்தவர் கோவில்பட்டி சுயம்புலிங்கம். தீப்பெட்டி ஆபீஸில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏதோ எஸ்டேட் பங்களாவைக் காலி பண்ணும்போது, இடுப்பு உயரத்தில் ஒரு ஜோடி மரப்பெட்டி ஸ்பீக்கரைச் சல்லிசாக வாங்கிப் போட்டிருந்தார். அவருடைய கல்யாணத்தைவிடப் பழையது. அதற்கு ஏற்ற ஆம்ப்ளிஃபையர் இருபதாயிரத்துக்குள் வேண்டும். ஒரு வருஷமாக அதே பாட்டு.

முதல் தடவை வந்தபோது சாமி, "ஏதாவது ஒண்ணை வாங்கிப் போடும்வே" என்று சொல்லி அனுப்பினார்.

சுயம்புலிங்கம் கண்கலங்கிக் கும்பிட்டார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார் சாமி என்று எடுத்துக்கொண்டு, மதுரை வரைக்கும் கடை கடையாக ஏறி இறங்கினார்.

இரண்டாம் தடவை வந்தபோது சாமி வாயையே திறக்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

அதற்கும் சுயம்புலிங்கம் விழுந்து கும்பிட்டார். இரைச்சலே இல்லாத மெஷினாகப் பார் என்கிறார் சாமி என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார். சாமி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

இப்போது மூன்றாம் தடவை. வாடகை வேன் ஒன்று வாசலில் நின்றது. இரண்டு பெட்டியும் இறங்கியாகிவிட்டது. கேசட் டெக்கும், கடையில் கெஞ்சி இரவல் வாங்கிய மூன்று ஆம்ப்ளிஃபையர்களும் மண்டபத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கூடவே அவருடைய மனைவி செண்பகவல்லியும் வந்திருந்தாள்.

சுயம்புலிங்கம் ஆரம்பித்தார். ஒன்று சீக்கிரம் சூடாகிறது. ஒன்றில் மேல்ஸ்தாயி காதைக் குத்துகிறது. மூன்றாவது நல்ல மெஷின்தான், ஆனால் பழசு, உள்ளே கண்டன்சர் காய்ந்திருக்கும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் சொல்கிறார், இல்லை என்று இன்னொருவர் அடித்துச் சொல்கிறார்.

சாமிக்குக் கோபம் உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த ஆளிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்று அந்த அம்மாள் பக்கம் திரும்பினார்.

"எதுக்கும்மா இவரு இப்படி அலையுதாரு?"

அவள் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேவைக்கு அதிகமான சத்தத்தில் பதில் சொன்னாள். வலது காது போன வருஷமே போய்விட்டது. இடது காதும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது. தீபாவளிக்கு மேல் நம்பாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கேசட்டில் ஒரு கல்யாணக் கச்சேரி இருக்கிறது. தவில் வாசித்தது அவளுடைய தம்பி சங்கரநயினார். அவன் இப்போது இல்லை. காது அடைக்கிறதுக்குள்ளே அவன் வாசிப்பை ஆசை தீரக் கேட்டுவிட வேண்டும்.

"அப்போ கேக்க வேண்டியதுதானே தாயி?"

"இவுக தவில் வரவே விடமாட்டாகளே சாமி."

சாமிக்கு விளங்கவில்லை. அவளே விளக்கினாள். முதலில் நாதஸ்வரம் தனியாக ஆலாபனை வாசிக்கும். தவில் அதற்குப் பிறகுதான். எந்த ஆம்ப்ளிஃபையரை மாட்டினாலும் இவர் ஆலாபனையை வைத்துச் சோதிப்பார். கொஞ்ச நேரத்திலேயே முகம் சுளிப்பார். நிறுத்துவார், கேசட்டைத் திருப்பி முதலுக்குக் கொண்டுபோவார், வயரைப் பிடுங்கி அடுத்ததில் மாட்டுவார். வருஷம் பூராவும் இதுதான் நடக்கிறது.

சுயம்புலிங்கம் மறுக்கவில்லை.

"நாதஸ்வரமே சரியா வராத மெஷின்ல தவிலைக் கேட்டு என்ன செய்ய? அவளுக்குக் கடைசியாக் கேக்கப்போற சத்தம் சாமி அது. மட்டமா இருக்கலாமா?"

சாமிக்குத் திட்ட வாய் வரவில்லை. திட்ட முடியாததில் கோபம் இன்னும் கூடியது.

அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது மடத்து மைக்செட் ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டுக்கு வரிசையில் வாருங்கள் என்று கத்துவதற்கு வைத்திருந்தது. மேலே சாம்பார் தெறித்துக் காய்ந்திருந்தது.

"சாமி, அது மைக்செட்டு."

சாமி வயரைச் சீவினார்.

"அதுல ஒரே சேனல்தான் சாமி."

"ஒரு பெட்டியை மட்டும் மாட்டுதேன்."

"ஜோடியில ஒண்ணையா? ஒரு பக்கமாத்தானே கேக்கும்."

சாமி கையைப் பார்த்துக்கொண்டிருந்த செண்பகவல்லி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒரு பக்கம்தானே கேக்குது" என்றாள்.



சாமி சத்தத்தைக் கம்மியாக வைத்துக் கேசட்டை ஓடவிட்டார். ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். இரைச்சலுக்கு உள்ளேயிருந்து நாதஸ்வரம் எழுந்தது. செண்பகவல்லி நகர்ந்து போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடது காதை அதன் மேல் வைத்துக்கொண்டாள்.

சுயம்புலிங்கம் முகம் சுளித்தார். உச்சத்தில் ஒரு பிடி வந்தது, கரகரவென்று கிழிந்த மாதிரி கேட்டது. அவர் கை தன்னால் டெக்கை நோக்கிப் போனது.

சாமி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல சாமி, அந்த இடம் மட்டும்…"

சாமி விடவில்லை. சுயம்புலிங்கம் இழுத்துப் பார்த்தார். கடையில் எத்தனையோ ஸ்பீக்கர் தூக்கிய கை அது, அசையவில்லை. ஆலாபனை வளர்ந்துகொண்டே போனது. சுயம்புலிங்கம் வழக்கமாக நிறுத்துகிற இடம் வந்தது, தாண்டியது. கல்யாணப் பந்தலில் ஏதோ ஒரு குழந்தை அழுதது. யாரோ இருமினார்கள். அதையெல்லாம் அவர் இதுவரைக்கும் கேட்டதில்லை.

பிறகு தவில் விழுந்தது.

செண்பகவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொரு உள்ளங்கையை அகல விரித்துப் பெட்டியின் மேல் வைத்தாள். தவில் நின்று, யோசித்து, மறுபடியும் கூட்டிக்கொண்டு வந்தது. அவளுடைய விரல்கள் மரத்தின் மேல் தாளம் போட்டன, ஒரு அடிகூடத் தப்பவில்லை. வரிசையில் நிற்க வந்தவர்கள் தட்டும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

சுயம்புலிங்கத்தின் மணிக்கட்டு தளர்ந்துபோய்க் கிடந்ததைச் சாமி அப்போதுதான் கவனித்தார். பிடியை விட்டார். கை கீழே விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

ஒரு வருஷம் படுத்திய பாட்டுக்குச் சும்மா விட மனசு வரவில்லை சாமிக்கு. குனிந்து அவருடைய காதோரம் கேட்டார்.

"என்னவே, இரைச்சல் எப்படி?"

சுயம்புலிங்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சும்மா இருங்க சாமி" என்றார்.