சவுரியம்மாளின் புது போன்

போன தவக்காலத்தில், பூசை முடிந்து வரும் வழியில், என் நாத்தனார் ரீத்தம்மாள் எனக்கு இதைச் சொன்னாள்.

சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற சவுரியம்மாள், பழைய போன் செத்துப்போனதால், புதுசு வாங்கினாள். வளைகுடாவில், தோகாவிலிருக்கும் மகளுக்குத் தெரிந்தது பழைய நம்பர்தான். அது புது போனில் வந்தாக வேண்டும். போன் கடையில் டை கட்டிய மேலாளரோ, "மாற்றுக் கட்டணம் ஐநூறு" என்றார்.

"எதுக்கு சார் ஐநூறு?"

"சிம்மை எடுத்துப் புதுசில் மாட்டணும்மா. நுட்பமான வேலை. உங்களுக்கெல்லாம் வராது."

"அப்படியா? நீங்க மாட்டுங்க, பார்க்கிறேன்."

சிம் தட்டைத் திறக்கிற கம்பியை மேலாளர் தேடினார். மேசையிலும் இல்லை, சட்டைப்பையிலும் இல்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. சவுரியம்மாள் வளையலில் தொங்கிய ஊக்கைக் கழற்றிக் காட்டினாள்.

"இது ஆகுமா சார்?"

"ஆகும், ஆகும், கொடுங்கம்மா!"

அவர் கை நீட்டியதும் இவள் ஊக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வாடகை ஐநூறு சார். நுட்பமான சாமான்."

வரிசையே சிரித்தது. மேலாளரும் வேறு வழியில்லாமல் சிரித்து, ரசீதில் கட்டணத்தை அடித்து நீக்கிவிட்டு, ஊக்கை வாங்கிச் சிம்மை மாட்டிக் கொடுத்தார். அன்று மாலையே மகள் பேசிவிட்டாள், ஆண்டவருக்கு நன்றி.

நீங்களும் காசை நீட்டுமுன் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.