மூன்று வேளை மரவையாக இருந்தவர்

நமக்கு ஒன்பது நாழிகை முன்னதாகவே பொழுது விடிந்துவிடும் ஜப்பான் நாட்டில், பல தலைமுறைகளுக்கு முன், ஒரு மலைப் பள்ளத்தாக்கைப் பிரபு ஒருவர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். தாம் செய்தது தவறு என்று யாராவது சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது; கை வாளைத் தேடும். இத்தகைய நல்லவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் ஹினோக்கி என்னும் மரம். நெட்டையாக வளரும். உள்ளே வெளிர்மஞ்சளாக இருக்கும். சீவினால் எலுமிச்சைத் தோலைக் கிள்ளியது போல மணக்கும். அவ்வூரார் சோறு வைப்பது அந்த மரத்தில், குளிக்கத் தண்ணீர் மொள்வது அந்த மரத்தில், மீன் அரிவதும் அந்த மரத்தில்தான்.

மரத்தால் செய்த பாத்திரத்துக்கு மரவை என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. பூஞ்சை பிடித்துப்போகுமுன் அதை எடுத்துப் புழங்கிக்கொள்கிறேன். அப்படி மரவை செய்கிறவன் தொமேகிச்சி. பலகைத் துண்டுகளை வட்டமாக நிறுத்துவான், அடித்தட்டைப் பொருத்துவான், சுற்றிலும் இரண்டு செம்பு வளையங்களை இறக்குவான். ஆணி கிடையாது. மரம் ஈரத்தைக் குடித்து உப்பும்; உப்பியதும் வளையம் இறுகும்; அப்புறம் ஒரு சொட்டு ஒழுகாது.

வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அவன் மூன்று வார்த்தை சொல்லி அனுப்புவான். "வெயிலில் வைக்காதீர்கள். அனலருகே வைக்காதீர்கள். சும்மா வைக்காதீர்கள்."

"என்னைக் கட்டிக்கொண்டபோதும் என் அப்பா இவரிடம் இதையேதான் சொன்னார். மூன்றாவதை மட்டும் தவறாமல் கடைப்பிடிக்கிறார்" என்பாள் அவன் மனைவி ஒஷிகே, கை நிறைய வேலையோடு.

ஒரு நாள் பிரபு தமக்கொரு சோற்று மரவை வேண்டும் என்றார். தொமேகிச்சி பதினேழு துண்டுகளில் ஒன்றைச் செய்து முடித்தான். வாங்கிப்போக அரண்மனைக் காரியக்காரர் கின்பேய் வந்தார். தொமேகிச்சி வழக்கமான மூன்று வார்த்தையைச் சொன்னான்.

"சோற்றுச் சட்டிக்கு உபதேசமா?" என்று கேட்டுவிட்டுக் கின்பேய் போய்விட்டார்.

பிரபு மரவையைக் கையில் வாங்கினார். முகர்ந்தார். தடவினார். கண்ணை மூடினார். "இதிலா சோறு போடுவது?"

"போடவே கூடாது, பிரபுவே" என்றார் கின்பேய். பிரபுவின் மனம் போகிற திசையில் ஓரடி முன்னால் நடப்பதே அவர் தொழில். "பட்டில் சுற்றுவோம். பொக்கிஷ அறை அலமாரியில் ஏற்றுவோம். ஈரம் அண்டாமல் பக்கத்தில் கணப்பு மூட்டுவோம்."

சுற்றினார்கள், ஏற்றினார்கள், மூட்டினார்கள். ஆறு மாதம் போயிற்று.

பக்கத்து நாட்டுப் பிரபு விருந்துக்கு வந்தார். நம் பிரபு பட்டை விலக்கி மரவையை உயரத் தூக்கிக் காட்டினார். முதல் வளையம் கணீரென்று விழுந்தது. இரண்டாவது வளையம் கணீரென்று விழுந்தது. பதினேழு துண்டுகளும் தாமரை விரிவது போல விரிந்து தரையில் கிடந்தன. பிரபுவின் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

விருந்தாளி நிதானமாகக் குனிந்து பார்த்தார். "உங்கள் ஊரில் விறகுகூட அழகாகத்தான் இருக்கிறது" என்றார்.

தொமேகிச்சியை இழுத்துவந்தார்கள். "நாளை மாலைக்குள் குற்றம் உன்னுடையதல்ல என்று காட்டு. இல்லையென்றால் உன் உளிகள் உலைக்குப் போகும், நீ எல்லைக்கு அப்பால் போவாய். அதன் பிறகு ஹினோக்கியைத் தொட்டால் உன் கை போகும்" என்றார் பிரபு.

"காரியக்காரர் ஐயாவிடம் மூன்று வார்த்தை சொல்லித்தானே கொடுத்தேன்?"

பிரபு கின்பேயைப் பார்த்தார். "இவன் வாயே திறக்கவில்லை, பிரபுவே. ஊமை என்று நினைத்துப் பரிதாபப்பட்டேன்" என்றார் கின்பேய்.

வீட்டுக்கு வந்து தொமேகிச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "பிரபு வைத்த இடம் தவறு என்று சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் தொழில் போகும். நான் எதைச் சொல்ல?"

"நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாங்க. மரவை சொல்லட்டும்" என்றாள் ஒஷிகே.

"அதற்கு நாக்கு ஏது?"

"காரியக்காரருக்கு நீளமாக ஒன்று இருக்கிறதே. ஒரு பகல் இரவல் வாங்குவோம்."

மறுநாள் காலை இருவரும் சபைக்குப் போனார்கள். ஒஷிகே தரையில் நெற்றி படப் பணிந்தாள். "பிரபுவே, அந்த அறையில் மரவைக்கு என்ன நேர்ந்தது என்று கூட இருந்து பார்த்தவர் யாருமில்லை. நம்பிக்கையான ஒருவர் அதே அலமாரியில், அதே பட்டில், அதே கணப்பருகே மாலைவரை இருந்துவிட்டு வந்து சொன்னால் வழக்கு தீர்ந்துவிடும்."

"கின்பேயைவிட நம்பிக்கையான ஆள் எனக்கு ஏது?" என்றார் பிரபு.

நாளுக்கு ஏழு முறை உண்ணும் கின்பேய், அன்றைய முதல் முறையை அப்போதுதான் முடித்திருந்தார். பட்டில் படுத்துத் தூங்குவது ஒரு வேலையா? மகிழ்ச்சியோடு தலையாட்டினார்.

"ஒன்றே ஒன்று" என்றாள் ஒஷிகே. "மரவைக்குச் சோறு தரவில்லை, தண்ணீர் தரவில்லை, வளையத்தையும் யாரும் தொடவில்லை. ஐயாவின் இடுப்புக் கச்சையும் இப்போது கட்டியபடியே இருக்கட்டும்."

கின்பேயின் தலையாட்டல் பாதியில் நின்றது. ஆனால் அதற்குள் பிரபு முத்திரையை எடுத்துவரச் சொல்லிவிட்டார். மேல்தட்டு தாங்காதென்று அவரைக் கீழ்த்தட்டில் வைத்தார்கள். கணப்பை ஊதினார்கள். கதவுக்கு முத்திரை விழுந்தது.

காலை வேளை போயிற்று. பட்டு மெத்தென்று இருந்தது. மதிய வேளை போயிற்று, பட்டு அவித்தது. மாலை வேளை வந்தது. பட்டைத் தின்றால் செரிக்குமா என்று கின்பேய் யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்நேரமெல்லாம் தொமேகிச்சி முற்றத்தில், பிரபுவின் கண்ணெதிரே இருந்தான். அதே பதினேழு துண்டுகளை நிறுத்தினான், அதே தட்டைப் பொருத்தினான், அதே வளையங்களைத் தட்டி இறக்கினான். உளி எடுக்கவில்லை. ஓடைத்தண்ணீரில் மரவையை முக்கிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தான்.

மாலையில் கதவு திறந்தது. கின்பேய் சபைக்கு வந்தார். முறைப்படி பிரபுவைக் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தார். கச்சை நிமிரவில்லை. இடுப்பைத் தாண்டியது, முழங்காலைத் தாண்டியது, பாதத்தில் போய் வளையமாகக் கிடந்தது. அங்கி இரண்டு பக்கமும் விரிந்தது. உள்ளே கோவணம் ஒன்றுதான் மானம் காத்தது.

ஒரு பகலில் வயிறு இவ்வளவு வற்றுமா என்று கற்றவர்கள் கேட்கக்கூடும். அவர்கள் கின்பேயின் வயிற்றைப் பார்த்ததில்லை.

பிரபு சிரிக்காததால் யாரும் சிரிக்கவில்லை. பிரபு தரையில் கிடந்த கச்சையைப் பார்த்தார். "கின்பேய், உனக்குக் கச்சை கட்டிவிட்டவன் வேலை தெரியாதவனோ?"

"அவன் மேல் பழி இல்லை, பிரபுவே" என்றார் கின்பேய். குரல் சருகாக இருந்தது. "உள்ளே ஒன்றும் இல்லாமல், அனலில் மூன்று வேளை காயப்போட்டால் எந்தக் கச்சைதான் நிற்கும்?"

"மூன்று வேளைக்கே இப்படி" என்றார் பிரபு, மெதுவாக. "ஆறு மாதத்துக்கு?"

பிரபு ஒரு கிண்ணம் தண்ணீரைத் தருவித்துத் தம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். "அன்று இவன் உன்னிடம் என்ன சொன்னான்?"

கின்பேய் கிண்ணத்தைப் பார்த்தார். "வெயிலில் வைக்காதே, அனலருகே வைக்காதே, சும்மா வைக்காதே என்றான். சொல்லுக்குச் சொல் நினைவு வருகிறது, பிரபுவே. ஏனோ நேற்று வரவில்லை."

தொமேகிச்சி மரவையை ஓடைத்தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்தான். விளிம்புவரை நீர் ஊற்றி, பிரபுவின் மடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். மடியில் ஒரு சொட்டு விழவில்லை.

பிரபு மடியைத் தடவிப் பார்த்தார். கை வாளைத் தேடவில்லை. "நான் வைத்த இடம் சரியில்லை" என்றார் கடைசியில். அதைச் சொன்னவர் அவரே ஆகையால் காதில் நன்றாக விழுந்தது.

அன்று மாலையே மரவையில் ஆவி பறக்கச் சோறு போட்டார்கள். தொமேகிச்சியும் ஒஷிகேயும் பிரபுவின் பந்தியில் உட்கார்ந்து உண்டார்கள். கின்பேய்க்குத் தண்ணீரும் கிடைத்தது, புதிய உத்தியோகமும் கிடைத்தது: தினமும் மூன்று வேளை அந்த மரவையில் சோறு பரிமாறுவது, மூன்று வேளை கழுவுவது, மூன்று வேளை நிழலில் உலர்த்துவது.

புழங்குவதற்கென்று செய்த பொருளைப் பூட்டி வைத்துப் போற்றுகிறவன், பொருளையும் கெடுத்து, அதைச் செய்தவன் மேல் பழியும் போடுகிறான்.